செருப்புக்கு இரண்டு சென்ட்

அப்பா அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகியும் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து மாற்றவில்லை. சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இருபத்தாறு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை நிமிஷம் லேட்டு என்று நோட்டில் எழுதி, டிரைவரிடமும் கண்டக்டரிடமும் திட்டு வாங்கியே ரிட்டயர் ஆனார். "அடிக்கடி மாத்தி வச்சா அது கடிகாரமாடா?" என்பது அவர் கட்சி. மாத்திரையும் அதன்படிதான். ராத்திரி எட்டு மணி மாத்திரையை எங்கள் வீட்டில் காலை ஒன்பதரைக்குப் போட்டுக்கொள்வார். டாக்டர் கேட்டால் என்ன சொல்வாரோ.

அந்தக் கடிகாரத்தோடுதான் அவரையும் அம்மாவையும் போன டிசம்பரில் கரீபியன் கப்பலில் ஏற்றினேன். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் திங்கட்கிழமை ஏறி, இரண்டு நாள் வெறும் கடல், வியாழன் அரூபா, வெள்ளிக்கிழமை கியூராசோ. மறுநாள் போனேர், அப்புறம் திரும்பி வருவது. இந்த மூன்று தீவுகளும் வெனிசுவேலாவுக்கு எதிரே வரிசையாக இருக்கின்றன. கியூராசோவிலிருந்து அந்தக் கரை சுமார் 65 கிலோமீட்டர்தான். ஆனால் ஆட்சி நெதர்லாந்து முடியாட்சியின் கீழ். கியூராசோ 2010 அக்டோபர் 10 முதல் அந்த முடியாட்சிக்குள்ளேயே தனி நாடு.

கப்பலைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இருபத்துநாலு மணி நேரச் சாப்பாடு, நீச்சல் குளம், ராத்திரி ஆட்டம் பாட்டு, எல்லாம் சரிதான். எனக்கு முக்கியமாகப் பட்டது துறைமுக நாள். ஒரு ஊரைப் பார்க்க எட்டு மணி நேரம் தருகிறார்கள். அதற்குள் அந்த ஊரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பஸ்ஸில் போகும்போது டீ குடிக்க இறங்கின ஊர் மாதிரி. கப்பலிலேயே சுற்றுலா டிக்கெட் விற்கிறார்கள்: குகை, கடற்கரை, ஆமையோடு நீந்துவது. தலைக்கு எழுபது எண்பது டாலர். அப்பாவுக்கு முட்டி வலி இல்லை, அம்மாவுக்கு உண்டு. நடந்து போவோம், முடிந்த இடத்தில் உட்காருவோம் என்று முடிவு செய்தேன். மகளுக்கு நீர்ச்சறுக்கை விட்டு வர மனமில்லை, அவளோடு மனைவியும் கப்பலிலேயே தங்கிவிட்டாள்.

கியூராசோ வந்த வெள்ளிக்கிழமை காலையில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். கப்பல் நேரம்தான் கணக்கு, கரையில் மாட்டியிருக்கும் கடிகாரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள், நாலரைக்குள் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும், ஐந்துக்குப் புறப்பாடு. அப்பா என்னைத் தமிழில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டார். நான் கவனிக்கவில்லை. அம்மா பஃபேயிலிருந்து இரண்டு வாழைப்பழத்தைக் கைப்பைக்குள் வைப்பதைத்தான் கவனித்தேன். கரைக்குப் பழம் கொண்டுபோகக் கூடாது என்று அறிவிப்பு. "கைப்பையைத் திறந்தா பார்க்கப் போறாங்க?" என்றார். போகிற வழியில் படியிலேயே ஒன்றை உரித்து அப்பாவிடமும் இன்னொன்றை என்னிடமும் நீட்டிவிட்டார். சட்டச் சிக்கல் தீர்ந்தது.

கியூராசோவின் தலைநகரான வில்லெம்ஸ்டாட் ஊர் ஒரு கால்வாயின் இரண்டு கரையிலும் இருக்கிறது. சின்ட் அன்னா விரிகுடா என்று பெயர், ஆனால் பார்ப்பதற்கு அகலமான வாய்க்கால் போலத்தான். அதன் வழியே உள்ளே போனால் ஸ்கொட்டகாட் என்ற பெரிய இயற்கைத் துறைமுகம். கிழக்குக் கரைக்கு புண்டா, மேற்குக் கரைக்கு ஒத்ரோபண்டா. ஒத்ரோபண்டா என்றால் பாப்பியமெந்து மொழியில் 'அந்தப் பக்கம்' என்று அர்த்தம். ஒரு ஊரின் பாதிக்கு 'அக்கரை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள், அங்கேயே இருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் கப்பல் கட்டியிருந்தது இந்த அக்கரையில். 1820களில் கட்டின ரிஃப் கோட்டையை இப்போது கடைகளாக மாற்றியிருக்கிறார்கள். அதைத் தாண்டி, மதில் ஓரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு மாதிரியான பச்சை ஓணான்களைத் தாண்டி, பத்து நிமிஷம் நடந்தால் பாலம்.

இந்தப் பாலத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

குயின் எம்மா பாலம். 1888இல் கட்டியது. 167 மீட்டர் நீளம். தூண் கிடையாது. பதினாறு மிதவைகளின் மேல் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிப் பலகை போட்ட மாதிரி நிற்கிறது, அதனால் நடக்கும்போது காலுக்கடியில் லேசாக அசையும். ஒத்ரோபண்டா முனையில் கீல், கதவுக்கு இருப்பது போல. புண்டா முனையில் ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு ஆள். கப்பல் வரவேண்டும் என்றால் மணி அடிக்கிறது, இரும்பு கேட் சாத்துகிறார்கள், அந்த ஆள் டீசல் எஞ்சினை முடுக்குகிறார், நீருக்கடியில் சுழல்விசிறி சுற்றுகிறது, மொத்தப் பாலமும் கதவு திறப்பது போல ஒத்ரோபண்டா கரையோரம் போய் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் நின்றவர்கள் பாலத்தோடேயே போகலாம். 1974இல் பக்கத்திலேயே குயின் ஜூலியானா பாலம் என்று ஒன்று தண்ணீரிலிருந்து 56 மீட்டர் உயரத்தில் கட்டி, வண்டிகளை அதன் மேல் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து கீழ்ப்பாலம் நடப்பவர்களுக்கு மட்டும்.

நாங்கள் பாதிப் பாலம் போவதற்குள் மணி அடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா மட்டும் முன்னால் போய், அந்த அறைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எஞ்சின் சத்தம் கேட்டது, தண்ணீர் நுரைத்தது, எதிரே இருந்த மஞ்சள், சிவப்பு, நீல வீடுகள் மெதுவாக நகர ஆரம்பித்தன. நகர்வது நாங்கள்தான் என்று புரிய ஒரு நொடி பிடித்தது.

"மணி அடிச்சதும் எடுக்கறான் பாரு, ரைட் குடுத்த மாதிரி" என்றார் அப்பா. முகம் மலர்ந்திருந்தது. "கண்டக்டர் எங்கடா?"

ஒரு சின்னப் படகுக்காகத்தான் திறந்தார்கள். பத்து நிமிஷத்தில் பாலம் மறுபடி போய்ச் சேர்ந்தது. அந்த ஆளின் அறைமேல் ஆரஞ்சுக் கொடி பறந்ததை அப்பாதான் காட்டினார். ஆரஞ்சு என்றால் கொஞ்ச நேரம், நீலம் என்றால் ரொம்ப நேரம், அப்போது இலவசப் படகில் கடக்க வேண்டியதுதான் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். நல்ல ஏற்பாடு என்றார்.

பாலத்தில் நகர்ந்துகொண்டே நான் அவர்களுக்கு ஒரு கதை சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை, சுவாரசியமாக இருந்தது, சொன்னேன். இந்தப் பாலத்தைக் கட்டியவர் லெனார்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர், இங்கே அமெரிக்கத் துணைத்தூதராகவும் இருந்தார். சொந்தக் காசில் கட்டியதால் கடப்பவர்களிடம் கட்டணம் வாங்கினார்கள். செருப்போ ஷூவோ போட்டிருந்தால் இரண்டு சென்ட். வெறுங்காலோடு வந்தால் இலவசம். ஏழைகளுக்குச் சலுகை என்று நினைத்து வைத்த ஏற்பாடு. நடந்தது என்னவென்றால், பணக்காரர்கள் காசு மிச்சம் என்று ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம். ஏழைகள் யாரிடமாவது செருப்பு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு சென்ட் கொடுத்து, நிமிர்ந்து நடந்தார்களாம். 1934இல்தான் அந்தக் கட்டணத்தை எடுத்தார்கள். இந்த ஊரில் சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாரும் சொல்லிச் சிரிக்க வைக்கும் கதை.

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"எந்த வருசம் சொன்ன?"

"1888."

"அதுக்கு முந்தி இங்க அடிமை யாவாரம் இருந்துச்சுன்னு சொன்னியே?"

முந்தின நாள் ராத்திரி சொல்லியிருந்தேன். டச்சுக்காரர்கள் 1634இல் இந்தத் தீவைப் பிடித்து, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தவர்களை இங்கே இறக்கி, ஸ்பானியக் காலனிகளுக்கு விற்கும் பெரிய சந்தையாக்கினார்கள். 1795 ஆகஸ்ட் 17 அன்று துலா என்பவர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், அடக்கி அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஒழிப்பு வந்தது 1863 ஜூலை 1இல்.

அப்பா கணக்குப் போட்டார். "இருபத்தஞ்சு வருசம். அப்ப வெறுங்கால்ல வந்தவன் யாருன்னு தெரியுது."

எனக்கு அதுவரை தோன்றவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் விற்கப்பட்டவன், அல்லது அவன் பிள்ளை, அவன்தான் இரவல் செருப்பில் நடந்திருக்கிறான்.

அப்பாவின் ஊரில் ஊர்த்தெரு வேறு, எங்கள் தெரு வேறு. ஊர்த்தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம், பஸ், ரேஷன் கடை எல்லாம். அவர் சின்ன வயதில் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். எனக்கு இதை அவர் சொன்னது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் நான் கேட்டு அல்ல, கல்லூரிக்குப் போகும்போது எனக்கு ஷூ வாங்கிக் கொடுத்த கடை வாசலில். அந்தப் பாலத்தில் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. இவ்வளவுதான் சொன்னார்:

"நம்ம ஊர்ல செருப்பு போட்டா அடி. இங்க செருப்பு போட்டா காசு. காசு எவ்வளவோ மேல்."

அம்மா, "வெயில்ல நின்னுகிட்டு என்ன பேச்சு, வாங்க" என்றார். பேச்சு முடிந்தது.

புண்டா கரையில் வரிசையாக நிற்கும் அந்த வண்ண வீடுகளை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஹண்டல்ஸ்கடே. ஆம்ஸ்டர்டாம் வீடு போலவே முக்கோண முகப்பு, சாயம் மட்டும் கரீபியன். 1817இல் ஆளுநராக இருந்த ஆல்பர்ட் கிக்கெர்ட் என்பவர், வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுத் தலைவலி வருகிறது, எல்லாரும் வேறு நிறம் அடியுங்கள் என்று உத்தரவு போட்டாராம். பிறகு பார்த்தால் அவருக்குப் பெயின்ட் கடையில் பங்கு இருந்ததாம். இதுவும் வழிகாட்டிகள் சொல்வதுதான். நம்ம ஊர்க் கவுன்சிலர் கதை போல இருந்ததால் அம்மா உடனே நம்பிவிட்டார். 1997இல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எங்களைப் போல கப்பலிலிருந்து இறங்கிய ஆயிரம் பேர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் எடுத்தோம்.

சந்துக்குள் நுழைந்தால் நகைக்கடை, கேமரா கடை, வாசனைத் திரவியக் கடை. ஒரு கடை வாசலில் நின்ற பெரியவர் அம்மாவின் புடவையைப் பார்த்துவிட்டு ஹிந்தியில் ஆரம்பித்தார். சிந்திக்காரர். இந்த ஊர்க் கடைத்தெருவில் சிந்தி வியாபாரிகள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். அம்மா தலையாட்டிக்கொண்டே, "என்னடா சொல்றாரு?" என்றார். நான் கல்லூரி ஹிந்தியில் சமாளித்தேன். அவர் எங்களுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "சென்னையா?" என்றார். விருத்தாசலம் என்று அப்பா திருத்தினார். அவருடைய அப்பா இங்கே வந்தவர், பிள்ளைகள் ஆம்ஸ்டர்டாமில், கடையை அடுத்து யார் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் டச்சு, பையனிடம் பாப்பியமெந்து, போனில் சிந்தி, எங்களிடம் ஹிந்தி என்று மாறி மாறிப் பேசினார். எதுவும் வாங்காமல் எழுந்திருக்கக் கூச்சமாக இருந்தது. ஒரு காந்த ஒட்டி வாங்கினேன். அவரே வைஃபை கொடுத்தார். நாலு நாளாக ஏர்பிளேன் மோடில் கிடந்த போன் உயிர் பெற்று வாட்ஸாப்பைக் கொட்டியது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அங்கிருந்து ஒரு தெரு தள்ளி யூதர்களின் ஜெபக்கூடம். மிக்வே இஸ்ரேல் எமானுவேல், உள்ளூரில் ஸ்னோவா என்கிறார்கள். 1651இல் வந்து சேர்ந்த யூதக் குடிகள், இப்போதுள்ள கட்டடத்தை 1732இல் திறந்தார்கள். அமெரிக்கக் கண்டங்களில் இடைவிடாமல் வழிபாடு நடக்கும் ஜெபக்கூடங்களில் இதுவே மிகப் பழையது. அப்பாவுக்கும் எனக்கும் தலையில் வைத்துக்கொள்ளச் சின்னக் குல்லா கொடுத்தார்கள். உள்ளே போனால் மேலே பித்தளைச் சரவிளக்கு, சுற்றிலும் கறுத்து மின்னும் மரவேலை, நாலு பெருந்தூண். கீழே பார்த்தால் தரை முழுக்க மணல். வெள்ளை வெளேரென்று, சலித்துப் பரப்பின மணல்.

அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று அங்கிருந்த பெண் சொன்னார். அம்மா கேட்கவில்லை. "சாமி இருக்கிற எடம்" என்றார். வெறுங்காலால் மணலில் நாலடி வைத்து, நின்று, கால்விரலால் கொஞ்சம் கிளறிப் பார்த்தார். "ஆத்து மணல் மாதிரி இல்ல. நைசா இருக்கு." எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் சிமெண்டு போடுவதற்கு முன்னால் இப்படித்தான் மணல் கிடக்கும், திருவிழாவுக்கு ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள், ராத்திரி கூத்துப் பார்க்க அதில்தான் படுத்துக்கிடப்போம் என்றார். எனக்கே தெரியாத செய்தி.

மணல் எதற்கு என்பதற்கு அந்தப் பெண் மூன்று காரணம் சொன்னார். எகிப்திலிருந்து கிளம்பிப் பாலைவனத்தில் அலைந்த நாற்பது வருட நினைவு. உன் சந்ததி கடற்கரை மணல் போலப் பெருகும் என்ற வாக்கு. மூன்றாவதை அவர் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மதவிசாரணைக் காலத்தில் இவர்களின் முன்னோர் ஒளிந்து வழிபட்டபோது, காலடிச் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று தரையில் மணலைக் கொட்டி வைத்தார்களாம்.

நான் மொழிபெயர்த்தேன். அப்பா கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். பிறகு நடந்து பார்த்தார், வேண்டுமென்றே கொஞ்சம் அழுத்தி. சத்தம் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்கெல்லாம் பசி. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை, கவிச்சி தொட மாட்டார், கடலில் இருந்தாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான். கப்பலுக்குத் திரும்பினால் இலவசச் சாப்பாடு. காலையில் வயிறு முட்டத் தின்று இறங்கி, ஒரு காந்த ஒட்டியோடு மதியம் திரும்பி ஏறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இவர்கள் துறைமுகத்தில் கட்டிய கப்பல், இவர்கள் தெருவில் நடக்கிறோம், ஒரு வேளைச் சோறாவது இவர்கள் கையால் சாப்பிட வேண்டாமா. மார்ஷே பியூ போனோம், பழைய சந்தை என்று அர்த்தம். பெரிய கொட்டகை, நீள மேசைகள், ஒரு ஓரமாக வரிசையாகச் சமையல்கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு அம்மா, அண்டா அண்டாவாகக் கொதிக்கிறது. ஆபீஸ் ஆட்களும் கட்டட வேலையாட்களும் ஒரே மேசையில். கையேந்தி பவனுக்கும் கல்யாணப் பந்திக்கும் நடுவில் ஒரு இடம்.

அப்பாவுக்கும் எனக்கும் கப்ரிது ஸ்தொபா, அதாவது ஆட்டுக்கறிக் குழம்பு. எலும்போடு, கெட்டியாக, லேசான இனிப்போடு. அப்பா எலும்பை உறிஞ்சிவிட்டு, "காரம் இல்ல, ஆனா கறி நல்லா வெந்துருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். அம்மாவுக்கு என்ன கேட்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அம்மாவே ஒரு அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டார்.

"டேய், இது களிடா."

ஆமாம், களிதான். மக்காச்சோள மாவைக் கொதிநீரில் போட்டுக் கிண்டினது, பெயர் ஃபுன்ச்சி. பக்கத்து அண்டாவில் இன்னொன்று, துத்து. அதே களியில் தட்டப்பயறு மாதிரி ஒரு பயறை வேகவைத்து, சர்க்கரையும் வெண்ணெயும் போட்டு மசித்துச் சேர்த்தது. மசிக்கும் கோலை அந்தச் சமையல்கார அம்மா தூக்கிக் காட்டினார். ஒரு மரக்கிளையை, நுனியில் மூன்று கவை பிரியும் இடத்தில் வெட்டி, பட்டை உரித்துச் செதுக்கினது. லேலே என்று பெயர். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக் காட்டினார். அம்மா அதைக் கையில் வாங்கி அதே மாதிரி உருட்டினார். "நம்ம கீரை மத்து. இதுல பல்லு நீளமா இருக்கு, அவ்ளோதான்." அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, என் அம்மாவுக்கு பாப்பியமெந்து தெரியாது, இரண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசினார்கள். மத்தின் பல்லைத் தொட்டுத் தொட்டு என்னவோ பேசினார்கள். கடைசியில் அந்த அம்மா "துஷி" என்று சொல்லிக் கன்னத்தைத் தட்டினார். இனிப்பு, அருமை, கண்ணு, எல்லாவற்றுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான்.

துத்துவும் வறுத்த வாழைக்காயும் அம்மா சாப்பிட்டார். பக்கத்து மேசையில் ஒருவர் வெண்டைக்காய் சூப்பை வழவழவென்று தூக்கிக் குடிப்பதைப் பார்த்து மட்டும் முகத்தைச் சுளித்தார். குடிக்க ஆவா தி தமரெய்ன். புளியைக் கரைத்து, சர்க்கரை போட்டு, ஐஸ் போட்டு, ஒரு லோட்டா கொள்ளும் டம்ளரில். பானகம் என்று முடிவு செய்து இரண்டு டம்ளர் குடித்தார்.

காய்கறி எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்டார், ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு வயல் கண்ணில் படவில்லையே என்று. வெளியே வந்து அந்தக் கரையைக் காட்டினேன். வெனிசுவேலாவிலிருந்து படகுகளில் பழமும் காயும் வந்து இந்தப் படித்துறையில் கட்டி, படகிலிருந்தே விற்பார்கள், மிதக்கும் சந்தை என்று பெயர் பெற்ற இடம். 2019இல் வெனிசுவேலா எல்லையை மூடியதோடு அந்தப் பழைய படகுச் சந்தை நின்றது. வறண்ட தீவு. கள்ளியும் காற்றும்தான் தாராளம். குடிநீரே கடலிலிருந்து எடுப்பது, 1928இலேயே அந்த ஆலையைக் கட்டிவிட்டார்கள். சென்னைக்கு மீஞ்சூரில் அது வர 2010 ஆயிற்று.

இதோடு திரும்பியிருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டி, நிழலில் ஒரு பெஞ்ச் கிடைத்தது, கடல் காற்று. மூன்று பேரும் அசந்துவிட்டோம். விழித்துப் போனை எடுத்துப் பார்த்தேன். மணி 4:14.

நாலரைக்குக் கப்பல் கதவு சாத்துகிறார்கள்.

அம்மாவின் கையைப் பிடித்து ஏறக்குறைய இழுத்துக்கொண்டு ஓடினேன். ஹண்டல்ஸ்கடே முனைக்கு வந்து பார்த்தால் பாலத்தைக் காணோம். எதிர்க்கரையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நீலக் கொடி. வாய்க்கால் முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு எண்ணெய்க் கப்பல், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இழுவைப் படகு, ஊர்ந்து வருகிறது. அதன் சுவர் மாடிவீடுகளை விட உயரம். கரையில் நின்று கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. துருப்பிடித்த நங்கூரம், அதிலிருந்து சொட்டும் தண்ணீர், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு மாலுமி. அவசரம் என்றால் என்ன என்றே தெரியாத முகம்.

மணி 4:20. துறைமுகத்தில் விட்டுவிட்டுப் போன கப்பலை எப்படிப் பிடிப்பது? அடுத்து போனேர், விமானம் உண்டா? பாஸ்போர்ட் அறையில். அம்மா அப்பா விசா? பிள்ளையும் மனைவியும் கப்பலில். எனக்கு வியர்த்து ஊற்றியது. பொன்ச்சி என்கிற இலவசப் படகுக்கு நீளமான வரிசை. வரிசையில் முன்னால் நின்றவரிடம் வழி கேட்டுக் கெஞ்சப் போனேன். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடா ஓடுற?"

"அப்பா, மணி நாலு இருபது. நாலரைக்குக் கதவை அடைச்சிருவாங்க."

அவர் முழங்கையை மடக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். வெயிலுக்குக் கையால் மறைத்து, நிதானமாக, பஸ் ஸ்டாண்டில் கூண்டுக்குள் நின்று பார்ப்பது போலவே பார்த்தார்.

"ஒண்ணு அம்பது."

"அப்பா, அது இந்தியா நேரம்!"

"தெரியும். காலையில கேப்டன் சொன்னப்ப கப்பல்ல மணி ஏழரை, என்னுதுல ஆறு. பத்தரை மணி வித்தியாசம். அவன் நாலரைன்னா எனக்கு ராத்திரி மூணு. இப்ப ஒண்ணு அம்பது. இன்னும் ஒரு மணி பத்து நிமிசம் இருக்கு. நீ எந்த ஊர் நேரம் பாக்குற?"

போனைப் பார்த்தேன். கடைக்காரரின் வைஃபையில் விழித்த போன், கியூராசோ நேரத்துக்குத் தானாக மாறியிருந்தது. குளிர்காலத்தில் ஃபுளோரிடாவை விட இங்கே ஒரு மணி நேரம் அதிகம். கப்பல் இன்னும் ஃபுளோரிடா நேரத்தில்தான் இருக்கிறது. மூன்று இருபது.

அம்மா படித்துறைக் கல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "முட்டி போச்சு எனக்கு. படிச்சவன் படிச்சவன்னு சொல்லிக்க வேண்டியது" என்றார். மூன்று பேரும் படகு வரிசையில் கடைசியில் போய் நின்றோம். எண்ணெய்க் கப்பல் கடந்து போக இருபது நிமிஷம் ஆனது. படகில் ஏறும்போது அப்பா செருப்பைக் கழற்றவில்லை. காசு கேட்கிறார்களா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

நாலே காலுக்கு, கப்பல் நேரம்தான், மேல்தளத்தில் நால்வரும் அப்பாவும் கம்பியோரம் நின்றோம். கீழே, துறைமுகத் தளத்தில், பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களைப் பார்த்து மேலே இருப்பவர்கள் கைதட்டினார்கள். இந்தக் கப்பல்களில் அது ஒரு பொழுதுபோக்கு. நான் கைதட்டவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து புடவைக் கொசுவத்தை உதறிக்கொண்டிருந்தார். மடிப்பிலிருந்து வெள்ளை மணல் கொஞ்சம் தளத்தில் விழுந்தது.

கயிறு அவிழ்த்தார்கள். சங்கு ஊதியது. தண்ணீர் இடைவெளி தெரிய ஆரம்பித்ததும் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு முப்பத்தெட்டு. எட்டு நிமிசம் லேட்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இதை யாருடா நோட்டுல எழுதுவாங்க?"